பதினாலு போத்தல்

இருபத்து மூவாயிரத்து நானூற்று அறுபது ரூபாய். இராக்கம்மா அந்தப் பணத்தைக் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் அது அவள் தலையில்தான் இருந்தது. புருஷன் சன்னாசியை மண்ணுக்குள் வைத்து நாலு மாதமாகியும் அவனோடு சேர்ந்து போகாமல் வெளியே நின்றுகொண்டது அந்தக் கடன் மட்டும்தான்.

அன்று பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தவள், இடுப்பில் கட்டியிருந்த ஈரப் படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டிருந்தாள். வாசல் வெளிச்சத்தை இரண்டு பேர் மறைத்தார்கள். ஒருவர் ஜெயராசா. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குக் கீழே ரோட்டோரத்தில் கடை வைத்திருப்பவர். முன்பக்கம் மாவும் சீனியும் வெற்றிலையும், பின்பக்கம் கசிப்பு என்ற கள்ளச் சாராயம். மற்றவர் தோட்டத் தலைவர் அழகையா. ஜெயராசாவின் கையில் கடன் எழுதும் கொப்பி இருந்தது.

"என்னா இராக்கம்மா, ரொட்டியா? வாசம் ரோட்டு வரைக்கும் வருது."

"இன்னும் கல்லுலயே போடலீங்களே மொதலாளி. வாங்க, உக்காருங்க."

"உக்கார நேரமில்ல. தலைவரு சொல்லுவாரு."

அழகையா தொண்டையைச் செருமிக்கொண்டார். "தங்கச்சி, இந்த மாசம் ஒங்க வீட்டு முறை."

மாவுக்குள் இருந்த கை அப்படியே நின்றது.

ஆனைக்கல் தோட்டத்துக் கீழ்ப்பிரிவில் எல்லாவற்றுக்கும் முறை உண்டு. பீலியில் தண்ணீர் பிடிக்க முறை, மாரியம்மன் கோயில் கூட்ட முறை. அதே மாதிரி கோட்டுக்கு, நீதிமன்றத்துக்குப் போகவும் ஒரு முறை. போலீசு மாதத்துக்கு ஒரு கசிப்பு வழக்காவது காட்ட வேண்டும். ஜெயராசாவைப் பிடித்தால் மாதாமாதம் வருகிற பண உறை நின்றுபோகும். அதனால் ஜெயராசா ஒரு கேனைக் கொடுப்பார், தலைவர் ஒரு ஆளைக் கொடுப்பார். அந்த ஆள் கோட்டுக் கூண்டில் ஏறிக் 'குற்றவாளி' என்று ஒரு சொல் சொல்லிவிட்டு இறங்கினால் போதும். தண்டப்பணத்தை முதலாளி கட்டுவார், ஒரு நாள் சம்பளமும் தருவார். பொம்பளை என்றால் நீதவான் இரங்குவார் என்று பெரும்பாலும் பொம்பளைகளையே அனுப்பினார்கள். தண்டம் கட்டிவிட்டால் வழக்குக் கழுவிக்கொண்டு போய்விடும் என்று லயமே நம்பியது. கட்டிய ரசீதைத் தலைவர் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுப்பார். அதைச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைப்பார்கள்.

இராக்கம்மா வீட்டுச் சாமிப் படத்துக்குப் பின்னாலும் ஒன்று இருந்தது. மூன்று வருஷத்துக்கு முந்தியது. அன்றைக்கும் முறை என்றுதான் போனாள். திரும்பி வரும்போது தலைவர் பனிசும் பிளேன்டீயும் வாங்கித் தந்தார். அவள் வாழ்க்கையில் வேலைக்குப் போகாமல் சம்பளம் வாங்கிய ஒரே நாள் அதுதான்.

"ஒரு தடவ போயிட்டேனுங்களே" என்றாள்.

"சுத்தி வந்துருச்சு தங்கச்சி. முப்பத்திரெண்டு வீடுதானே." அழகையா சிரித்தார். "இந்தத் தடவ மொதலாளி ஒனக்கு விசேசமா ஒண்ணு செய்றாரு."

ஜெயராசா கொப்பியை விரித்து, அவள் பேர் இருந்த பக்கத்தின் மேல் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். "பாரு. மொத்தக் கடனும். கோட்டுலேருந்து நீ எறங்கின ஒடனே இதுமேல பேனையால கோடு போட்டுருவேன்."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. லயத்தில் பொம்பளை ஒன்றும் சொல்லாவிட்டால் சம்மதம் என்று எழுதிக்கொள்வார்கள்.

சனிக்கிழமை போலீசு சார்ஜன் வந்தார். மெழுகு வைத்து மூடிய வெள்ளைக் கேன் ஒன்று ஏற்கெனவே ஜீப்பில் இருந்தது. அதை இறக்கி அவள் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் வைத்து, பார்த்து, திரும்ப ஜீப்பில் ஏற்றினார்கள். ஸ்டேசனில் ஒரு தாளை நீட்டினார்கள். இராக்கம்மா நாற்பத்து நாலு வயதில், பிள்ளைக் காம்பராவில் நடந்த மாலை வகுப்பில், குழந்தைகள் உட்காரும் குட்டி வாங்கில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து எழுத்துப் படித்தவள். இரண்டு வருஷப் பாடு. தாளை ஆசையோடு கையில் வாங்கினாள். அது முழுவதும் சிங்களம். கீழே தன் பெயரைத் தமிழில் எழுத்து எழுத்தாக எழுதிக் கொடுத்தாள்.

விரல் அடையாளம் எடுத்தவர் பழைய பைல் ஒன்றைப் புரட்டிவிட்டுப் பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ சொல்ல, இருவரும் அவளை நிமிர்ந்து பார்த்தார்கள். போலீசுப் பிணையில் விட, வெளியே வந்ததும் கூட வந்திருந்த அழகையாவிடம் கேட்டாள்.

"என்னாங்கண்ணே பேசிக்கிட்டாங்க?"

"ஒண்ணுமில்ல. ரெண்டாந் தடவையாம். மொதத் தடவன்னா தண்டம். ரெண்டாந் தடவன்னா நீதவான் ஐயாவோட மனசப் பொறுத்தது."

"மனசப் பொறுத்ததுன்னா?"

"அட, போனாத்தான் என்னா, ஒரு மாசம் ரெண்டு மாசம். உள்ள சோறு போடுறாங்க, விடிஞ்சதும் பேர் குடுக்கப் பெரட்டுக்கு நிக்க வேணாம், கொழுந்து எடுக்க வேணாம். ஒம் மகள மொதலாளி பாத்துக்குவாரு."

மகள் ஜெயந்தினிக்குப் பத்தொன்பது வயது. லுணுகலையில் ஒரு புடவைக்கடையில் வேலை. மொதலாளி தன்னைப் பார்த்துக்கொள்வார் என்ற பேச்சைக் கேட்டதும் செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்து தாயின் முன்னால் நின்றாள்.

"எத வித்து எங்கப்பாவக் கொன்னானோ, அத நீ வித்தேன்னு சொல்லிட்டு ஜெயிலுக்குப் போகப் போறியாம்மா?"

"கத்தாத. பக்கத்துக் காம்பராவுக்குக் கேக்கும்."

"கேக்கட்டும். அவுகளுக்கும் முறை வரும்."

செவ்வாய்க்கிழமை தாயும் மகளும் சம்பளத்தை விட்டுவிட்டுப் பதுளைக்குப் பஸ் ஏறினார்கள். ஏழைகளுக்குக் காசு வாங்காமல் வழக்குப் பேசும் அலுவலகம் ஒன்று அங்கே இருப்பதைக் கடையில் கூட வேலை செய்யும் தனுஜா சொல்லியிருந்தாள். அங்கே மேசைக்குப் பின்னால் இருந்தது ஸஜீதா என்ற சட்டத்தரணி. முப்பது வயது இருக்கும்.

"ஒங்கட கையில அந்தக் கேன் இருந்திச்சாம்மா?"

"இல்லீங்க மிஸ்."

"ஒங்கட வீட்டில?"

"ஜீப்புலேருந்துதாங்க எறக்கினாங்க."

"அப்ப ஏன் குற்றவாளின்டு சொல்லப் போறீங்க?"

"எங்க வீட்டு முறைங்க மிஸ்."

ஸஜீதா எழுதுவதை நிறுத்தினார். முறை என்றால் என்னவென்று ஜெயந்தினி சொல்லச் சொல்லக் கேட்டார். கேட்டு முடித்துப் பேனையை மூடினார்.

"கேளுங்கம்மா. நீங்க குற்றவாளின்டு சொன்னா, பொலிஸ் ஒண்டையும் ஒப்புவிக்கத் தேவல்ல. சாட்சி தேவல்ல, கேன் தேவல்ல. ஒங்கட வாயே வழக்க முடிச்சிரும். சுத்தவாளின்டு சொன்னாத்தான் அவங்கட வேல தொடங்கும். எங்க புடிச்சாங்க, எத்தன மணிக்கு, யார்ட கையில, கேனுக்குள்ள இருந்தது என்ன, எல்லாத்தையும் அவங்கதான் ஒப்புவிக்கணும். நீங்க ஒண்டையும் ஒப்புவிக்கத் தேவல்ல."

"நான் கையெழுத்து வச்சிட்டேனுங்களே மிஸ். என்னா எழுதியிருந்துச்சோ."

"பொலிசுக்கிட்ட குற்றத்த ஒத்துக்கொண்டதா எழுதியிருந்தாலும் அத ஒங்களுக்கு எதிராக் கோட்டில காட்ட ஏலாது. கூண்டில நிண்டு நீங்க சொல்றதுதான் கணக்கு. அங்க எல்லாத்தையும் தமிழில சொல்லச் சொல்லிக் கேக்குறது ஒங்கட உரிம. வெளங்காட்டி வெளங்கேல்லன்டு சொல்லுங்க. தலையாட்ட வேணாம்."

"தண்டம் கட்டினா கழுவிப் போயிரும்னாங்களே?"

"காசுதான் போகும். பேர் பைலில கெடக்கும். மூணு வருஷத்துக்கு முந்தி சொன்னீங்களே, அது இன்னும் கெடக்குது. அத இனி அழிக்க ஏலாது."

இராக்கம்மா கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொழுந்துச் சாறு ஏறிக் கறுத்த விரல்கள். "கடன் ஒண்ணு இருக்குங்க" என்று மெதுவாகச் சொன்னாள்.

"கசிப்புக் கடனா? அத எந்தக் கோட்டில போய்க் கேப்பாராம்? சட்டத்தில அப்பிடி ஒரு கடனே இல்லம்மா."

"சட்டத்துல இல்லீங்க மிஸ். லயத்துல இருக்குங்களே."

ஸஜீதா மேசை நாட்காட்டியைத் தன் பக்கம் இழுத்தார். "ஒண்டு சொல்லணும்" என்றார். "சுத்தவாளின்டு சொன்னா நாலஞ்சு தவண கோட்டுக்கு வரவேண்டி வரும். ஒவ்வொரு நாளும் ஒங்கட சம்பளம் போகும். அத என்னால தர ஏலாது. நான் வந்து பேசுறேன், அவ்வளவுதான். யோசிச்சுச் சொல்லுங்க."

வழக்குக்கு முதல் நாள் மாலை மாவு வாங்கப் போனபோது ஜெயராசா அவளைத் தராசுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

"நாளைக்கு ஏழு மணி பஸ். தலைவரு கூட வருவாரு. ஒரே ஒரு சொல்லு. மறந்துறாத."

"கொப்பியக் கொஞ்சம் தாங்க மொதலாளி."

"எதுக்கு?"

"பாக்கத்தான்."

அவர் சிரித்துக்கொண்டே தள்ளினார். லயத்தில் அந்தக் கொப்பியை யாரும் வாசிக்கக் கேட்டதில்லை. பென்சில் கோட்டுக்குக் கீழே அவள் விரல் வைத்து வாசித்தாள். எழுத்தை முதலில் கூட்டி, பிறகு சொல்லாக்கி, உதடு அசைய அசைய. பாதிக்கு மேல் சன்னாசி தினமும் குடித்தது. கடைசி வரியில் விரல் நின்றது. சன்னாசி சாவு. பதினாலு போத்தல்.

சன்னாசி சாவு என்றால் சன்னாசி செத்த அன்று. அன்றைக்குச் சன்னாசி குடிக்கவில்லை.

அந்த வழக்கம் அவளுக்குத் தெரியாததல்ல. குழி வெட்டுகிறவனுக்கு, தப்படிக்கிறவனுக்கு, தோள் கொடுக்கிறவனுக்குப் போத்தல் வராமல் எந்த லயத்திலும் பிணம் எழும்பாது. குடியால் செத்தவனுக்கும் அதே சட்டம்தான். அன்று அவள் மூலையில் சுருண்டு கிடந்தபோது அழகையா வந்து குனிந்து, "நீ ஒண்ணுக்கும் கவலப்படாத தங்கச்சி, எல்லாத்தையும் நான் பாத்துக்கிறேன்" என்று சொன்னார். அண்ணன் இல்லாத குறைக்கு அண்ணன் என்று நினைத்து அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் பார்த்துக்கொண்டது இந்த வரியில் இருந்தது.

"என்னா, கணக்குச் சரியா?" என்றார் ஜெயராசா.

"ஒரு கிலோ மாவு போடுங்க" என்றாள் இராக்கம்மா. கைக்காசை எண்ணி வைத்தாள்.

கோட்டில் பெயரைக் கூப்பிட்டதும் கூண்டில் ஏறினாள். பின் வாங்கில் அழகையா கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். குற்றத்தைச் சிங்களத்தில் வாசித்தார்கள். மொழிபெயர்ப்பாளர் அவள் பக்கம் திரும்பி, பழகிய வேகத்தில், "ஐந்து போத்தல் கசிப்பு வைத்திருந்ததாகக் குற்றம். குற்றவாளியா, சுத்தவாளியா?" என்றார். பதிலை எழுதப் பேனையைத் தாளில் ஊன்றியும் வைத்துவிட்டார்.

"சுத்தவாளிங்க."

பேனை நின்றது. "என்ன?"

"நான் சுத்தவாளிங்க ஐயா."

அழகையாவின் கால் கீழே இறங்கியது. ஸஜீதா எழுந்தார். கேனில் இருப்பதை இரசாயனப் பகுப்பாய்வுக்கு அனுப்ப வேண்டும் என்றார். அன்று காலை கோட்டு வாசலில் இராக்கம்மா சொல்லியிருந்த கடைக்காரரின் கடன் கொப்பியை அழைப்பாணை விட்டு வரவழைக்க வேண்டும் என்றும் கேட்டார். சார்ஜன் கொப்பிப் பேச்சுக்கு ஒன்றும் அசையவில்லை. கேன் என்றதும் அவர் முகம் சாம்பலாகிப் போனது. நீதவான் பிணை கொடுத்து அடுத்த தவணை போட்டார்.

அன்று மாலையே ஜெயராசாவின் கடைக்குப் பின்னால் புகை கிளம்பியது. பழைய கொப்பி எரிந்து, மறுநாள் புதுக் கொப்பி ஒன்று வந்தது. முப்பத்தொரு வீட்டுக் கடனும் மனப்பாடமாக அதில் ஏறியது. இந்தத் தடவை அரிசி, மாவு, சீனி என்று எழுதினார். இராக்கம்மாவின் பக்கத்தை மட்டும் எழுத முடியவில்லை. அதைப் பற்றி நீதிமன்றத்திலேயே கேட்டாயிற்று.

பிறகு நடந்ததெல்லாம் ஸஜீதா சொன்னது போலத்தான் நடந்தது. ஒரு தவணைக்குச் சார்ஜன் வரவில்லை. ஒரு தவணைக்கு அறிக்கை வரவில்லை. ஏழு மாதத்தில் ஐந்து நாள் சம்பளம் போனது. அதற்குப் பிறகு முறைக்கு யாரும் ஸ்டேசனுக்கு வராத கோபத்தில் போலீசு இரண்டு தடவை லயத்துக்குள் புகுந்து தேடியது. கசிப்புப் போத்தலுக்கு நூறு ரூபாய் ஏறியது. அந்த நூறு ரூபாயை ஏற்றியது இராக்கம்மாதான் என்று பீலியில் பேசிக்கொண்டார்கள். அவள் குடத்தோடு போனால் பேச்சு நிற்கும். "கோட்டு நோனா வாறாங்க, வழி விடுங்க" என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் சிரிப்பார்கள். அவர்கள் ஒவ்வொருவர் வீட்டுச் சாமிப் படத்துக்குப் பின்னாலும் ரசீது இருந்தது.

ஐந்தாம் தவணையில் அறிக்கை வந்தது. கேனில் இருந்தது தண்ணீர்.

அதில் அதிசயம் ஒன்றுமில்லை. இத்தனை வருஷத்தில் யாரும் சுத்தவாளி என்று சொன்னதில்லை. அதனால் எந்தக் கேனையும் யாரும் திறந்ததில்லை. திறக்காத கேனுக்கு ஐந்து போத்தல் நல்ல சரக்கை வீணாக்க ஜெயராசாவுக்கு மனம் வரவில்லை. பீலித் தண்ணீரைப் பிடித்து, மேலே வாசனைக்கு ஒரு மூடி கசிப்புத் தெளித்து, மெழுகு வைத்துக் கொடுத்துவிடுவார். சார்ஜனுக்கும் அது தெரியும்.

நீதவான் அவளை விடுதலை செய்தார். வெளியே வந்ததும் இராக்கம்மா ஸஜீதாவிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்ப மூணு வருஷத்துக்கு முந்தி நான் ஒத்துக்கிட்டதும் தண்ணிக்குத்தானாங்க மிஸ்?"

"இருக்கும்மா."

"அதையும் அழிக்க ஏலாதா?"

"நீங்களே ஒத்துக்கொண்டீங்களே."

அடுத்த மாதம் மாரியம்மன் திருவிழா. பால்குடம் முடிந்து, அன்னதானத்துக்கு முன்னால் அழகையா மைக்கைப் பிடித்தார். பக்கத்தில் ஜெயராசா, நெற்றி நிறையத் திருநீறு.

"ஒரு நல்ல சேதிங்க! புருஷன் எழந்த ஏழப் பொம்பள நம்ம இராக்கம்மா. அவுங்க கடன், இருபத்து மூவாயிரத்து நானூத்தி அறுவது ரூவா. அம்மன் பேரச் சொல்லி இன்னிக்கு மொதலாளி முழுசாத் தள்ளிட்டாருங்க! கையத் தட்டுங்க!"

தட்டினார்கள். "மனுசன்னா இவருதான்" என்று ஒரு கிழவர் கண்ணைத் துடைத்தார்.

"தங்கச்சி, வா. மாலையப் போட்டு ரெண்டு வார்த்த சொல்லு."

ஜெயந்தினி தாயின் கையைப் பிடித்தாள். இராக்கம்மா கையை விடுவித்துக்கொண்டு முன்னால் போனாள். மாலையைக் கையில் கொடுத்தார்கள். மைக்கை வாய்க்கு நேரே வைத்தார்கள். அதில் அவள் மூச்சு முதலில் கேட்டது.

"அந்தக் கடன் என்னோடது இல்லீங்க. பாதி அவரு குடிச்சது. அவரு போயிட்டாரு. மிச்சம் அவர எடுத்த அன்னிக்கு நீங்க குடிச்சது. பதினாலு போத்தல். கொப்பியில நானே வாசிச்சேன். மொதலாளி தள்ளினது ஒங்க கடனத்தான். குடிச்சவுங்க வந்து மாலையப் போடுங்க."

மாலையை வாங்கில் வைத்துவிட்டு இறங்கினாள்.

சிலர் தலையைக் குனிந்தார்கள். அவள் கூட்டத்தைத் தாண்டுவதற்குள், அன்றைக்குக் குழி வெட்டிய காத்தமுத்து எழுந்து நின்றான்.

"எத்தனையின்னுச்சு அது? பதினாலா?"

"பதினாலுன்னுதானே சொல்லிச்சு" என்றான் பக்கத்தில் இருந்தவன்.

"எட்டுத்தானடா வந்துச்சு! நான்தானே சாக்குல கட்டித் தூக்கியாந்தேன்! எனக்கு அரப் போத்தல்தான்னு சொல்லிட்டாங்க!"

"எனக்கு அதுவுமில்ல. முடிஞ்சிருச்சின்னு தலைவரு சொன்னாரு!"

"மிச்சம் ஆறு எங்க?"

கூட்டம் எழும்பியது. அவள் கூண்டில் ஏறியபோது எழும்பாத கூட்டம். கேனில் தண்ணீர் என்று கேட்டபோது விழுந்து விழுந்து சிரித்த கூட்டம். இப்போது முப்பத்தொரு வீட்டு ஆம்பளைகளும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடையைப் பார்த்துப் போனார்கள். ஒருவன் ஜெயராசாவின் சட்டையைப் பிடித்தான். "சாவு வீட்டுலயே களவாடா?" என்று கத்தினான். சன்னாசியின் பெயரை ஒருவரும் சொல்லவில்லை.

இராக்கம்மா திரும்பிப் பார்க்காமல் லயத்துக்கு ஏறினாள். காம்பராவுக்குள் வந்ததும் ஜெயந்தினி சாமிப் படத்துக்குப் பின்னால் கையை விட்டுப் பழைய ரசீதை உருவினாள்.

"கிழிச்சிரவாம்மா?"

"வேணாம். இருந்த எடத்துல வையி. கிழிச்சா போற சாமானில்ல அது."

அடுப்பை மூட்டினாள். கீழே கோயிலில் இரைச்சல் அடங்கிக்கொண்டு வந்தது. மைக்கில் அழகையாவின் குரல் தெளிவாகக் கேட்டது.

"உக்காருங்கப்பா, உக்காருங்க! மொதலாளி ஒத்துக்கிட்டாரு! அந்த ஆறு போத்தலும் இன்னிக்கே வந்துரும்! வேணும்னா மேல ரெண்டு!"

கைதட்டல் மறுபடியும் கேட்டது. முன்னைவிட அதிக நேரம் கேட்டது.